தீக்கோளமும் நடுவர் தீர்ப்பும்

சதுரங்கத்திலே குதிரை எவ்வாறு பாயும் என்பதில் இருவருக்குக் கருத்து வேற்றுமை எழுவதில்லை. பலகை கண்முன் இருக்கின்றது. காயும் கண்முன் இருக்கின்றது. ஆனால், ஆடுவோர் தம் சொல்லினாலே வீரராகவும் மந்திரவாதியாகவும் மாறி, எவரும் கண்ணாற் காணாத குகையொன்றிலே நடமாடும் ஆட்டத்தில் விதி எவ்வாறு இயங்கும்? வாள் பட்டதா, பிழைத்ததா என்பதை யார் துணிவது? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை நோக்குதல் தகும்.

இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளியாயிற்று. இதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வந்த முதற்பதிப்பில் அச்சானவை ஆயிரம் படிகளே. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்பர். ஒருவர் மட்டும் நடுவராவார். குகையின் அமைப்பும், அங்கே உறையும் அரக்கரின் வலிமையும் அவருக்கே தெரியும். ஆடுவோர் தாம் செய்யக் கருதுவதைச் சொல்வர். விளைவினை நடுவர் கூறுவார். முடிவு ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டப்படும்.

நடுவர் என்னும் இப்பதவி புதியதன்று. பிரசிய நாட்டுப் படையதிகாரியான இளைய ரைஸ்விற்ஸ் என்பார் 1824இலே, படைத்தலைவர்களைப் பயிற்றுதற்பொருட்டுப் போர் விளையாட்டொன்றின் விதிகளை வெளியிட்டார். அதிலே பகடையும் அட்டவணைகளும் இழப்புகளைக் கணித்தன. நடுவர் அவற்றை நடத்தினார். பின்னர் 1876இலே வெர்டி டு வெர்னுவா என்னும் மற்றொரு பிரசிய அதிகாரி, அட்டவணைகளால் ஆட்டம் தாமதமுறுகின்றது, பழுத்த அனுபவமுடைய நடுவரின் மதிப்பீடே போதும் என்று வாதித்தார். எழுதிய விதியா, அறிந்தவர் தீர்ப்பா என்னும் அந்த வழக்கு, இன்று மந்திரவாதியும் அரக்கனும் மோதும் மேசையிலும் முடிவுறாது தொடர்கின்றது.

முதலிற் போர்விதியை நோக்குவோம். வீரன் ஒருவன் தாக்கும்போது இருபது முகங்களையுடைய பகடையை உருட்டுகின்றான். எதிரியின் கவசத்தரத்துக்கேற்ப, அவன் 15 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பெறவேண்டும் என்று கொள்வோம். 15 முதல் 20 வரை ஆறு முகங்கள் உள்ளன. ஆதலின் நூற்றுக்கு முப்பது பங்கு வாய்ப்பு உண்டு. கணக்கு எளிது. அந்த ஓர் உருட்டு எதனைக் குறிக்கின்றது என்பதே அரிய வினா.

கைகாக்ஸ் 1979இல் வெளியிட்ட நடுவர் கைந்நூலிலே இதற்கு விளக்கம் தந்தார். அப்பதிப்பிற் போரின் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். அந்நிமிடத்தில் வீசலும் தடுத்தலும் விலகலும் பல நிகழும்; பகடையோ அவற்றுட் பயன்தரத்தக்க வாய்ப்பு ஒன்றையே குறிக்கும். ‘ஒரு நிமிடத்தில் ஒரு முறைதானா வாள் வீசினான்?’ என்று கேட்பவர் விதியைப் பிழைபட உணர்ந்தவராவார். 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ ஒரு சுற்று ஏறக்குறைய ஆறு விநாடியே. சொல் ஒன்றாயினும் பொருள் மாறிவிட்டது.

கதைமாந்தரின் உயிர்ப்புள்ளிகளும் இத்தகையனவே. அவை உடற்காயத்தை மட்டும் அளப்பன அல்ல என்றும், போர்த்திறனும் நற்பேறும் அவற்றில் அடங்கும் என்றும் அக்கைந்நூல் கூறிற்று. இதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கின்றது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பத்தடி வீழ்ச்சிக்கு ஆறுமுகப் பகடை ஒன்று உருட்டப்படும். நூறடிப் பாறையிலிருந்து வீழ்வோன் பத்துப் பகடைகளின் கூட்டுத்தொகையை இழப்பான்; அது 60க்கு மேற்செல்லாது. எண்பது புள்ளியுடைய வீரன் வேண்டுமென்றே குதித்தாலும் எழுந்து நடப்பான். விதி அவனைக் காக்கின்றது; அறிவோ நகைக்கின்றது. இங்கே நடுவர் என் செய்வார்?

மந்திரவிதியில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. இவ்வாட்டத்தின் புகழ்பெற்ற மந்திரம் தீக்கோளம். மந்திரவாதி குறித்த இடத்தில் இருபதடி ஆரமுடைய நெருப்பு வெடித்துப் பரவும். அத்தகைய கோளத்தின் கனவளவு ஏறக்குறைய 33,500 கன அடி. 1978ஆம் ஆண்டு ஆடுவோர் கைந்நூலின்படி, நெருப்பு தான் வெடித்த இடத்தின் வடிவை ஏற்று, அக்கனவளவு முழுவதையும் நிரப்பும். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்கவழியில் அது வெடித்தால், 335 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும். இருபுறமும் வழி திறந்திருப்பின் பக்கத்துக்கு 167 அடியளவு செல்லும். அறுபதடி தொலைவில் நின்று ஏவிய மந்திரவாதியும் அவன் தோழரும் எரிவர். 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ ஆரம் இருபதடியாகவே நிற்கும்; நெருப்பு மூலைகளைச் சுற்றிச் செல்லுமேயன்றி நீண்டு ஓடாது. அதே சுரங்கத்தில், அதே தொலைவில் நின்றவன் பிழைப்பான். எந்நூல் மேசையில் இருக்கின்றது என்பதே ஒருவனது உயிரைத் துணிகின்றது.

ஈதெல்லாம் கற்பனை உயிர்தானே என்று சிலர் கருதக்கூடும். ஈராண்டு காலம் வாரந்தோறும் நண்பரோடு அமர்ந்து, ஒரு கதைமாந்தரை வளர்த்து வந்தவர் அவ்வாறு கருதார். அம்மாந்தர் தம் பிழையால் மாண்டால் அவர் வருந்துவார். நடுவர் சொல்லாமல் மறைத்த விளக்கமொன்றால் மாண்டால், வருத்தத்தோடு நம்பிக்கையையும் இழப்பார். நம்பிக்கை போனபின் அம்மேசையில் விளையாட்டு இல்லை. சில வேளைகளில் நட்பும் இல்லை.

ஆகவே விளக்கம் காண்பதற்குச் சில நெறிகள் வேண்டும். தமிழ் இலக்கணம் கற்றோர் பொதுவிதி, சிறப்புவிதி என்னும் பாகுபாட்டை அறிவர். இவ்வாட்டமும் அதனையே கொள்கின்றது: இரண்டும் முரணினால் சிறப்புவிதியே வெல்லும். தீக்கோளத்திலிருந்து விரைந்து விலகுவோன் பாதிக் கேட்டினை ஏற்பான் என்பது மந்திரத்தின் விதி. ஆனால், ஏழாம் படியை எய்திய கள்வன் அவ்வாறு விலகினால் சிறிதும் கேடுறான் என்பது அவனுக்குரிய சிறப்புவிதி. இங்கு வழக்கிற்கு இடமில்லை.

இரண்டாவது, சொல்லோடு நோக்கத்தையும் ஆராய்தல். எவரும் அணிந்தோ ஏந்தியோ இராத எரிபொருள்களே தீக்கோளத்தாற் பற்றும் என்கின்றது 2014ஆம் ஆண்டு விதி. பேழையின்மேற் கிடக்கும் ஓலை எரியும். கையிலுள்ள ஓலை எரியாது. இயற்கைக்கு இது மாறுபட்டதே. ஆயினும், ஒவ்வொரு நெருப்புக்கும் ஒவ்வொருவரின் ஆடையையும் பொதியையும் கணக்கிடப் புகுந்தால் ஆட்டம் நகராது என்பதை உணர்வோர் விதியின் நோக்கத்தை ஊகித்தறிவர்.

மூன்றாவது, முன்கூட்டியே அறிவித்தல். ‘இச்சுரங்கத்தில் நெருப்பு நீண்டு ஓடும், ஏவ விரும்புகின்றீரா?’ என்று நடுவர் பகடைக்கு முன் வினவுவாராயின், பின் விளைவது ஆடுவோரின் துணிவு. பகடை விழுந்தபின் அதே சொல்லைச் சொன்னால் அது வஞ்சனை போலத் தோன்றும். பாறையிற் குதிக்கக் கருதும் வீரனுக்கும் இதுவே முறை. அவன் பிழைப்பான் என்றோ மாள்வான் என்றோ நடுவர் விளக்கங் கொள்ளலாம். அவன் கால் பாறையை விட்டு நீங்குமுன் அதனைச் சொல்லிவிடல் வேண்டும்.

விதிநூல் நடுவருக்கு மேலானதன்று என்று இவ்வாட்டத்தின் கைந்நூல்களே ஒப்புகின்றன. அவ்வதிகாரம் பெரிது, அதனாலேயே அவர் இன்று ஒருவருக்குக் கூறிய விளக்கத்தை நாளை மற்றவருக்கும் கூறக் கடமைப்பட்டவர். ஆட்டத்தின் நடுவே ஐயம் எழுந்தால் உடனே ஒரு தீர்ப்புக் கூறி மேற்சென்று, ஆட்டம் முடிந்தபின் நூலைப் புரட்டிப் பார்த்தலும், தாம் பிழைத்திருந்தால் அடுத்த வாரம் அதனை எல்லாரும் கேட்கச் சொல்லுதலும் நல்ல நடுவரின் வழக்கமாகும். அத்தகையவர் இருக்கும் மேசைக்கு, கதைமாந்தரை இழந்தவரும் புதியதொரு பெயரை எழுதிக்கொண்டு மறுவாரம் வந்து அமர்வர்.