கடல் கடந்த சீன மாணவர்களின் மனச்சுமை

உடலைப் போலவே மனமும் நோயுறும் என்பதை 2020ஆம் ஆண்டின் கோவிட் கிருமித்தொற்று உலகிற்கு உணர்த்திற்று. வெளிநாடுகளில் பயின்ற சீன மாணவர்களின் நிலை அதற்கொரு சான்று. அவர்கள் ஏறத்தாழ 16 லட்சம் பேர் என்றும், 14 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இன்னும் அயல்நாடுகளிலேயே இருப்பதாகவும் அவ்வாண்டு ஏப்ரலில் சீன வெளியுறவு அமைச்சு கூறியது.

முகக்கவசமே அவர்களுக்கு முதல் சோதனை. வூஹான் நகரின் நிலையைக் கண்டிருந்த பெற்றோர், கவசமின்றி வெளியே போகாதே என்று தொலைபேசியில் கெஞ்சினர். மேலை நாடுகளிலோ, நோயாளிதான் கவசம் அணிவான் என்ற எண்ணம் அப்போது நிலவியது. அணிந்தால் தெருவில் ஏச்சு, அணியாவிட்டால் உள்ளத்தில் அச்சம். ஊர் திரும்பலாம் என்றாலோ, ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு நாட்டுத் தடத்தில் வாரம் ஒரு சேவைக்கு மேல் நடத்தலாகாது என்று மார்ச் இறுதியில் சீனா வரையறுத்தது. அரும்பாடுபட்டுத் திரும்பியவர்களையும், நோயைச் சுமந்து வந்தோர் என்று சொந்த நாட்டவரே சிலர் இணையத்தில் பழித்தனர். அந்நியர் ஏச்சினும் இதுவே ஆழமாகப் புண்படுத்தியிருக்கும் என்பது நம் கருத்து.

இவர்களுள் பலர் வீட்டிற்கு ஒரே பிள்ளை. நற்செய்தியை மட்டும் வீட்டிற்குச் சொல்லித் துன்பத்தை மறைப்பது சீனரிடையே ஊறிய வழக்கம். (நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் குறைந்தவர்கள் அல்லர்.) ஆகவே, "நலமா?" என்றால் "நலம்" என்ற பதிலே வரும். நன்றாக உறங்கினாயா, யாருடன் உண்டாய் என்று சிறு கேள்விகளாகக் கேட்பதே பயன் தரும். பல நாள் உறக்கமின்மையோ, வாழ்வில் வெறுப்போ பேச்சில் தென்பட்டால், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரை உடனே நாடச் செய்தல் வேண்டும். மொழி தடையானால், தாய்மொழி அறிந்த ஆலோசகர் உண்டா எனக் கேட்டுப் பார்க்கலாம்.