கலங்கல் கடலுக்கு ஒரு கமரா

நெடுந்தீவுப் பக்கம் கடலடிப் படமெடுக்கப் போகிறவர்கள் கமராக் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை மீற்றர் தாங்கும்?" என்றுதான். திருகோணமலைக்குப் போகிறவர் கேட்டால் நியாயம். பாக்கு நீரிணையிலோ பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீற்றரிலேயே தரை வந்துவிடும். ஊர்காவற்றுறையைச் சுற்றிய பரவைக்கடலில் அதுவும் இல்லை. இங்கே விசாரிக்க வேண்டியது ஆழத்தை அல்ல, கலங்கலை.

நிக்கோன் நிறுவனம் 1963இல் நிக்கோனோஸை விற்பனைக்கு விட்டது. தனி உறை இல்லாமலே கடலுக்குள் இறங்கும் கமரா. அன்று பெரிய விஷயம். ஆனால் ஒரு சுருளுக்கு 36 படம். அது முடிந்தால் கரைக்கு ஏறி, கையைத் துடைத்து, புதுச் சுருள் போட வேண்டும். மீன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கண்மதிப்பாகக் கணித்து, வில்லைக் குமிழைத் திருப்பி வைப்பார்கள். நீருக்குள் எதுவும் கால்வாசி கிட்டத்தில் தெரியும். கண் ஏமாறும் அதே அளவுக்கு வில்லையும் ஏமாறுவதால் கணக்குச் சரிவரும். படம் விழுந்ததா என்பது பிலிம் கழுவிய பிறகுதான் தெரியும்.

சங்கு குளித்தவர்களின் இந்தக் கடலுக்கு அந்தக் கமராக்காலம் அவ்வளவாக வாய்க்கவில்லை. போர்க்காலத்தில் மீன்பிடிக்கப் போவதற்கே தடையும் பாஸும். கமராவோடு சுழியோடுவதை யார் நினைத்தார்கள்? 2009இல் போர் முடிந்தபோது நிக்கோனோஸ் உற்பத்தியே நின்று எட்டு வருடமாகியிருந்தது.

இன்று 2016இன் கோப்ரோ ஹீரோ 5 உறையில்லாமல் 10 மீற்றர் போகும். ஒலிம்பஸ் டிஜி-6 15 மீற்றர். தீவகத்துப் பரவைக்கு இது தாராளம். எனவே ஆழத்துக்கென்று கூடுதல் காசு கொடுப்பது வீண். கமராவுக்கும் பொருளுக்கும் இடையில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பதுதான் முழு வித்தை. அகலக்கோண வில்லையோடு கிட்டப் போக வேண்டும். கமராவிலேயே உள்ள பிளாஷை அடித்தால் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் கொட்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் பக்கவாட்டில், கை நீட்டும் தூரத்தில் தனி விளக்கு. கடற்புல்லில் கிடக்கும் அட்டையையும் சங்கையும் எடுக்க, ஒரு சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும் டிஜி-6 நல்லது. கோப்ரோ அவ்வளவு நெருக்கத்தில் மங்கிவிடும். அது பெரிய காட்சிக்கு.

பெரிய காட்சியும் உண்டு. நயினாதீவில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் கப்பல் உடைந்தால் பங்கு எப்படி என்று சொல்கிறது: யானை, குதிரை ஏற்றியதென்றால் கால்பங்கு அரசுக்கு, மற்றச் சரக்கென்றால் பாதி. அந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கப்பல்களைத் தேடிப் போனால் சேறுதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக 2021இல் கடற்றொழில் அமைச்சு நெடுந்தீவுக் கடலில் பழைய பஸ்களை இறக்கிவிட்டது, மீன் குடியேறட்டும் என்று. வலை கிழியும் என்று இராமேஸ்வரத்து மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் யன்னலும் இருக்கை வரிசையும் உள்ள ஒரு பொருளைக் கலங்கலில் அகலக்கோணத்தில் எடுக்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது! சோளகமும் வாடையும் அடிக்காத பங்குனி, சித்திரையைப் பார்த்துப் போவது உசிதம்.

அறுபது வருடத்தில் மாறாதது கதவோரத்து றப்பர் அடைப்பு. ஒரு தலைமயிர், ஒரு மணல் குறுணி அதில் ஒட்டினால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். மூடுமுன் விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஏறியதும் நன்னீர் வாளியில் ஊறவைத்து உப்பைப் போக்க வேண்டும். நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். குடிக்கவே நல்ல தண்ணீருக்குத் திண்டாடும் ஊரில் கமரா கழுவ வாளி கேட்பது அழகல்ல. குறிகட்டுவானில் படகேறுமுன் ஒரு கான் நிரப்பிக்கொள்ளுங்கள். பற்றரியையும் அங்கே வருமுன்பே சார்ஜ் போட்டுவிடுங்கள்.