சக்கரப் பலகையில் ஒரு சிறுமி

மாமல்லபுரம் என்றவுடன் பல்லவர் குடைந்த குகைக் கோயில்களும், ஒற்றைக்கல் தேர்களும், கடற்கரைக் கோயிலுமே நம் நினைவிற்கு வருவன. அண்மைக் காலத்தில் அவ்வூர் மற்றுமொரு வகையிலும் பெயர் பெற்றுள்ளது. அங்குள்ள மீனவர் குடியிருப்பில் வளர்ந்த கமலி மூர்த்தி என்னும் சிறுமி விளையாட்டில் காட்டிய திறனே அதற்குக் காரணம்.

அவள் முதலில் பழகிய கருவிகளுள் ஒன்று, ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகை. மேப்பிள் மரத்தின் மெல்லிய ஏடுகள் ஏழினை ஒட்டி அழுத்தி அதனைச் செய்வர். பலகையின் அடியில் இரண்டு அச்சுகளும் நான்கு சிறு சக்கரங்களும் இருக்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. நிறுத்துதற்குத் தடைக்கருவியும் இல்லை. ஒரு காலைப் பலகைமேல் ஊன்றி, மறு காலால் நிலத்தை உந்தினால் அது ஓடும். உடலை எப்பக்கம் சாய்க்கின்றோமோ அப்பக்கமே அது திரும்பும். ஆகவே, ஏறி நிற்பவரின் உடற் சமநிலையே அதற்குக் கடிவாளம் எனலாம்.

இவ்விளையாட்டு கடலோடு உறவுடையது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு ஆடிய இளைஞர், அலை எழாத நாள்களில் தரையிலேனும் சறுக்க விரும்பினர். 1950ஆம் ஆண்டுகளில் அங்கே சக்கரப் பலகை பரவியது. தொடக்கத்தில் இரும்பாலும் களிமண்ணாலும் ஆகிய சக்கரங்கள் இருந்தன. அவை எளிதில் வழுக்கின. 1970ஆம் ஆண்டுகளில் பாலியுரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான சக்கரங்கள் வந்தபின், தரையைப் பற்றி ஓடும் ஆற்றல் பெருகிற்று. 2021ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. அதில் மகளிர் தெருப் பிரிவில் பொற்பதக்கம் பெற்ற ஜப்பானியப் பெண் மோமிஜி நிஷியாவும், வெள்ளிப் பதக்கம் பெற்ற பிரேசில் நாட்டு ரைஸா லியாலும் பதின்மூன்று வயதே நிரம்பியவர்கள். இளமையில் தொடங்கிய பயிற்சியின் பயனுக்கு இவ்விருவரும் சான்றாவர்.

கமலியும் இளமையிலேயே தொடங்கினாள். அவளுக்கு ஐந்து வயது இருக்கும்பொழுது, ஜேமி தாமஸ் என்னும் அமெரிக்க வீரர் மாமல்லபுரம் வந்தார். வெறுங்காலுடன், கவுன் அணிந்து, சரிவான மேடையிலிருந்து அஞ்சாது இறங்கிய சிறுமியைக் கண்டு வியந்து படம் எடுத்தார். புகழ்பெற்ற வீரராகிய டோனி ஹாக்கும் அப்படத்தைப் பலரறியப் பகிர்ந்தார். கடற்கரைச் சிற்றூரின் குழந்தையை உலகம் அறிந்தது.

எனினும், அவள் வழி எளிதாக இருக்கவில்லை. தந்தையின் துணையின்றி, அன்னையார் சிறு வணிகம் செய்து மக்களைக் காத்து வந்தார். பெண் குழந்தைக்கு இவ்விளையாட்டு எதற்கு, கைகால் முறிந்தால் யார் பொறுப்பு எனக் கேட்போரும் உளர். தாம் இளமையில் பெறாத உரிமையை மகளேனும் பெறட்டும் என்று அன்னையார் உறுதி பூண்டார். மகள் விழும்பொழுது தாயுள்ளம் நடுங்காதிருக்குமா? நடுங்கினும் அவர் தடுத்திலர்.

சாஷா ரெயின்போ என்னும் பெண் இயக்குநர் தாய் மகள் இருவரின் வாழ்வையும் 'கமலி' என்ற குறும்படமாக எடுத்தார். 2020ஆம் ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குரிய குறும்படப் பிரிவில் போட்டியிட்ட ஐந்து படங்களுள் அதுவும் ஒன்று. அப்பரிசைப் பெற்ற படமோ, போர் சூழ்ந்த ஆப்கானிஸ்தானத்தில் சக்கரப் பலகை கற்ற சிறுமியரைப் பற்றியது. இருவேறு நாடுகளில் ஒரே பலகை பெண் குழந்தைகளுக்குத் துணிவு தந்தமை நினைக்கத்தக்கது.

படத்தால் வரும் புகழ் விரைவில் மறையும். பயிற்சியால் வரும் திறனே நிலைக்கும். கமலி புகழோடு அமைந்துவிடவில்லை. சக்கரப் பலகையில் பழகிய கால்களால் கடலலைமேலும் நின்று பயின்றாள். 2024ஆம் ஆண்டு மங்களூரில் நடந்த இந்திய ஓபன் அலைச்சறுக்குப் போட்டியில், பதினாறு வயதிற்குட்பட்ட சிறுமியர் பிரிவிலும், வயது வரம்பற்ற மகளிர் பிரிவிலும் அவளே முதலிடம் பெற்றாள். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அவள் பிறந்த ஊராகிய மாமல்லபுரத்திலேயே நடந்தபொழுது, இந்தியாவின் சார்பில் அவளும் கலந்துகொண்டாள்.

சக்கரப் பலகை பழகுவோர் தலைக்கவசமும் முழங்கால், முழங்கைக் காப்புகளும் அணிதல் வேண்டும். போக்குவரத்துள்ள சாலையில் பழகுதல் கூடாது. இவ்வளவு காப்பிருந்தும் விழாமல் கற்றவர் ஒருவரும் இலர். ஆதலின், முதலிற் கற்க வேண்டுவது விழும் முறையும், விழுந்தபின் மீண்டும் பலகைமேல் காலூன்றும் மனமுமே. மாமல்லபுரத்துச் சிறுமி அவ்விரண்டையும் கற்றாள். கற்க அவளை விட்ட தாயும் நம் போற்றுதற்கு உரியவர்.