பெட்டியில் எழுதியிருக்கும் வயது

விளையாட்டுச் சாமான் பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறிய வட்டம் இருக்கும். அதற்குள் ஒரு குழந்தை முகமும் 0–3 என்ற இலக்கமும் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு கீறியிருப்பார்கள். பெற்றோர் பலர் இதைப் பள்ளிக்கூட வகுப்பைப் போல வாசிக்கிறார்கள். மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருந்தால், அது அறிவு கூடிய பிள்ளைக்கு உரியது, நம் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயதிலேயே விளையாடுவான் என்று பெருமையோடு வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த இலக்கத்துக்கும் கெட்டித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. பிள்ளையின் மூச்சுக்குழாய் எவ்வளவு ஒடுக்கமானது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பழக்கம் எந்த வயதில் குறைகிறது என்று பார்த்துப் போட்ட எச்சரிக்கை அது. ஒரு விளையாட்டுச் சாமான் நல்லதா கெட்டதா என்பதை அதை எடுக்கும் பிள்ளையின் வயதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். எட்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்கப் பத்திரமாக விளையாடும் ஒரு பொருள், எட்டு மாதக் குழந்தையின் உயிரைச் சில நிமிடங்களில் பறித்துவிடலாம்.

கடுகண்ணாவையை எடுத்துக்கொண்டே இதைப் பார்க்கலாம். ரம்புக்கனையிலிருந்து மலையேறி வரும் ரயில் பாதை இங்கேதான் ஏற்றத்தை முடிக்கிறது. அந்தப் பாதை 1867இல் கண்டியை எட்டியது. இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2014 டிசம்பர் 27ஆம் திகதி கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளை ஒரு விளையாட்டு ரயில் வேண்டும் என்று கேட்பதில் ஆச்சரியமில்லை. ஒரு வயதுப் பிள்ளையும் கேட்கும், பத்து வயதுப் பிள்ளையும் கேட்கும். இருவருக்கும் ஒரே ரயிலை வாங்க முடியாது என்பதுதான் விஷயம்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதற்குத் தேவை ஒரு முகமும் ஒரு குரலும், ஒரு கிலுகிலுப்பையும். ஆறு மாதம் அளவில் வாய்தான் அதன் ஆராய்ச்சிக்கூடம். அந்த வயதில் ரயில் என்றால், ஒரே கட்டையில் கடைந்த, வாய்க்குள் போகாத, கழன்று விழ எதுவும் இல்லாத, பெயின்ட் பூசாத மர எஞ்சின் போதும். ஒரு வயது கடந்து நடக்கத் தொடங்கியதும் இழுத்துச் செல்லும் ரயில் பிடிக்கும். அதன் கயிறு ஒரு சாணைவிட நீளமாக இருந்தால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளக்கூடும். மூன்று வயதுக்குப் பிறகுதான் பெட்டிகளைக் கொளுவி, தண்டவாளம் பொருத்தி, இது பேராதனை, இது கம்பளை என்று கதை கட்டத் தொடங்கும். ஆறு, ஏழு வயதில் விதிகளோடு ஆடும் ஆட்டமும், துண்டுகளைச் சேர்த்துப் பூட்டும் வேலையும் ருசிக்கும். மின்சாரத்தில் ஓடும் நுணுக்கமான ரயில் அதற்கும் பிறகு வரவேண்டியது. அதை இரண்டு வயதில் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை முன்னதாகக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. சில்லைக் கழற்றி வாயில் போடும், அல்லது முறைத்துப் பார்த்துவிட்டு எறிந்துவிடும். பொருந்தாத சாமான் ஆபத்தாகவும் முடியும், வீணாகவும் முடியும்.

வாயில் போடும் ஆபத்துக்கு ஓர் அளவு உண்டு. விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கும் ஆய்வுகூடங்கள் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகின்றன. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். பந்துக்கு அளவு இன்னும் பெரிது, 44.5 மில்லிமீற்றர். உருண்டையான பொருள் மூச்சு போக இடுக்கு விடாமல் அடைத்துக்கொள்ளும் என்பதே காரணம். இதை வீட்டிலும் சோதிக்கலாம். ஒரு பழைய அட்டையை நாலரை சென்ரிமீற்றர் அகலக் குழாயாகச் சுருட்டி, அதற்குள் விழுவதையெல்லாம் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இந்தச் சோதனையில் பிடிபடாத ஒன்றும் உண்டு. அது பலூன். வெடித்த பலூனின் ரப்பர் துண்டு தொண்டையில் படிந்து ஒட்டிக்கொள்ளும், விரலால் எடுக்கப் போனால் இன்னும் உள்ளே போகும். ஊதாத பலூனையும் வெடித்த துண்டையும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அமெரிக்கா சட்டத்திலேயே வைத்திருக்கிறது. பெரஹரா பார்க்கக் கண்டிக்குக் கூட்டிப் போகும் பிள்ளைக்கு நாம் முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் பலூன்தான்.

பலூனுக்கு அடுத்து, மினுங்கும் சாமான்கள். திருவிழாத் தெருவில் விற்கும் மினுங்கும் மோதிரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சின்ன ரிமோட் இவற்றுக்குள் நாணயம் போலத் தட்டையான பட்டன் பற்றரி இருக்கும். அதை விழுங்கிய பிள்ளையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், ஈரமான தசையின் ஊடாக மின்னோட்டம் பாயத் தொடங்கி, அந்த இடத்தில் கடுமையான காரம் உருவாகும். இரண்டு மணி நேரத்துக்குள் தசை வெந்துபோகலாம். சாமானை இயக்க வலுவில்லாமல் தீர்ந்துபோன பற்றரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிஞ்சியிருக்கும். இன்னொரு புதுக்கால ஆபத்து, வலுக்கூடிய சிறு காந்த உருண்டைகள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட குடலைத் துளைத்துவிடும். இவற்றில் எதையாவது பிள்ளை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தோடு போகட்டும் என்று காத்திராமல், நேராக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட வைத்தியசாலை இருக்கிறது. வாகனம் இல்லாதவர்களுக்கு 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இருக்கிறது.

தொண்டையில் சிக்காமலே உடலில் சேரும் ஆபத்தும் உண்டு. பளபளப்பான சிவப்பு, மஞ்சள் பெயின்டுகளில் நிறத்துக்காக ஈயம் கலந்து வந்த காலம் முற்றாகப் போய்விடவில்லை. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் விதி 2013 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டுச் சாமான்களுக்குப் பூசும் பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அது. விதி இருப்பதும் கடையில் இருக்கும் சாமான் அதற்கு அடங்குவதும் வேறு வேறு. 2007இல் உலகப் புகழ்பெற்ற மட்டெல் நிறுவனமே ஈயப் பெயின்ட் காரணமாக அமெரிக்காவில் சுமார் 9 இலட்சத்து 67 ஆயிரம் சாமான்களைத் திரும்பப் பெற்றது. 2019இல் இந்தியாவின் தரக் குழு சந்தையில் எடுத்துச் சோதித்த 121 மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பிறகுதான் 2021 ஜனவரி முதல் தரமுத்திரை இல்லாத விளையாட்டுச் சாமான்களை விற்க இந்தியா தடை விதித்தது. ஆகவே பெயர், முகவரி, வயது எதுவும் அச்சிடாத பெட்டியையும், தேய்த்தால் கையில் சாயம் ஒட்டும் சாமானையும், மூக்கைத் துளைக்கும் இரசாயன வாடை வீசும் பிளாஸ்டிக்கையும் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் புத்தி.

இதையெல்லாம் கேட்டால் பெரியவர்கள் சொல்லும் மறுமொழி நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கமுகம்பட்டையில் உட்கார்த்தி இழுத்தோம், தென்னோலையில் காற்றாடி செய்தோம், யாருக்கு என்ன வந்தது என்பார்கள். அந்த விளையாட்டுகள் நல்லவை, இன்றும் பல கடைச் சாமான்களைவிட மேல். ஆனால் யாருக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் தப்பி வளர்ந்தவர்கள். தப்பாதவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. அந்தக் காலத்தில் லித்தியம் பற்றரியும் காந்த உருண்டையும் வீட்டுக்குள் வரவுமில்லை. இயற்கையாகக் கிடைப்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் முழு உண்மையில்லை. சிங்களப் புத்தாண்டில் ஆடும் ஒலிந்த கெளிய பலகைக்கும், நம் பல்லாங்குழிக்கும் சிவப்பும் கறுப்புமான குன்றிமணி பழகிய காய். அதன் கடினமான தோல் உடையும்படி மென்று விழுங்கினால் அது கொடிய நஞ்சு. பத்து வயதுப் பிள்ளை எண்ணி ஆடும் ஆட்டத்துக்கு அது காயாகலாம், தவழும் தம்பி இருக்கும் வீட்டில் புளியங்கொட்டைகூட வேண்டாம். இதுவும் வயதுக் கணக்குத்தான்.

இன்னொரு மறுப்பு பணம் பற்றியது. தரமுத்திரை போட்ட சாமான் வாங்க எல்லோராலும் முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. விலைவாசி ஏறியிருக்கும் நாட்டில் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் பொருத்தமான சாமான் பெரும்பாலும் விலை குறைந்த சாமான். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 36 சின்னப் பிள்ளைகளை ஒரு முறை 4 சாமான்களோடும் இன்னொரு முறை 16 சாமான்களோடும் விளையாட விட்டார்கள். குறைவாக இருந்தபோதுதான் பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பலவிதமாக விளையாடினார்கள். 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களை வைத்துச் செய்த வேறோர் ஆய்வில், சத்தமும் வெளிச்சமும் தரும் பற்றரிச் சாமான்களோடு விளையாடும்போது பெற்றோர் பிள்ளையோடு பேசுவது குறைந்தது. படப்புத்தகம் கையில் இருந்தபோது பேச்சு கூடியது. பாடும், ஆடும், எண் சொல்லிக் கொடுக்கும் சாமானுக்குக் கொடுக்கும் பணத்தில் நாலு படப்புத்தகம் வாங்கலாம். ஒரு வயதுப் பிள்ளைக்குச் சில்வர் கோப்பையும் மரக் கரண்டியும் போதும். நாலு வயதுப் பிள்ளைக்குக் கண்டி வீதியில் மட்பாண்டத்துக்குப் பேர்போன மொலகொடையின் சின்னச் சட்டி ஒன்று கிடைத்தால், முற்றத்தில் ஒரு குசினியே எழும்பிவிடும்.

பிள்ளையை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் துணிவு எப்படி வரும் என்று கேட்பவர்களும் உண்டு. இதில் இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொய்யா மரத்தில் ஏறும் பிள்ளைக்கு உயரம் கண்ணுக்குத் தெரியும். கிளை ஆடுவது காலுக்குத் தெரியும். பயந்து, அளந்து, ஒரு அடி முன்வைக்கக் கற்றுக்கொள்ளும். அந்தப் பயிற்சி பிள்ளைக்கு வேண்டும். பெயின்டில் இருக்கும் ஈயமும் மூடி கழன்ற பற்றரியும் பிள்ளைக்குத் தெரியாது, அவற்றோடு போராடிக் கற்கவும் எதுவும் இல்லை. முதலாவதற்கு இடம் கொடுக்கலாம், இரண்டாவதை வீட்டுக்குள் விடக் கூடாது. நான் பக்கத்தில்தானே இருக்கிறேன் என்ற ஆறுதலும் எல்லா இடத்திலும் உதவாது. தொண்டை அடைத்த பிள்ளை அழுவதில்லை, இருமக்கூட முடியாமல் ஓசையின்றித் தவிக்கும். சில்லு வைத்த வோக்கரும் அப்படித்தான். பெரியவர் எழுந்து எட்டிப் பிடிப்பதற்குள் அது அறையைக் கடந்துவிடும். கனடா 2004இலேயே அதைத் தடை செய்தது. சரிவில் கட்டிய, வாசலிலேயே படி இறங்கும் மலைநாட்டு வீடுகளுக்கு அது கொஞ்சமும் ஒவ்வாது. பிள்ளை தானாக எழுந்து, பிடித்துத் தள்ளி நடக்கும் பழைய மர நடைவண்டி அதைவிட நல்லது.

மிச்சமிருப்பது வீட்டு ஒழுங்கு. அண்ணனுக்கு ஏற்ற சாமான் தங்கச்சிக்கு ஆபத்தாகலாம் என்பதால், பிள்ளைகள் பலர் இருக்கும் வீட்டில் மிகச் சின்னப் பிள்ளையின் வயதே எல்லோருக்கும் எல்லை. மூத்தவரின் துண்டுச் சாமான்களுக்கு மேசைமேல் ஓர் இடமும், மூடி இறுக்கமான ஒரு டப்பாவும் வேண்டும். பற்றரி அறை திருகாணியால் பூட்டப்படாத சாமானை வாங்காதீர்கள். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்து, உடைந்ததை ஒட்டாமல் எறியுங்கள். வயதோ முகவரியோ அச்சிடாத சாமானை விற்கும் கடையைப் பற்றி 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவுக்கும், பிறந்தநாளுக்கு வரும் அத்தைக்கும், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று சொல்வதற்கு முன் அதன் வயதைச் சொல்லுங்கள். கடையில் விலையைப் பார்ப்பதற்கு முன் பெட்டியில் வயதைப் பாருங்கள்.