முதுகு ஊசி: தயக்கத்தின் விலை

குழந்தைகளின் மூளை உறைக் காய்ச்சலை உறுதி செய்யும் சோதனையைக் கண்டு பெற்றோர் மிரள்கிறார்கள். நோய்க்கு அது வசதியாகிவிடுகிறது.

பெங்களூரில் நிம்ஹான்ஸும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் அருகருகே இருக்கின்றன. கர்நாடகத்தின் உள் மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் காய்ச்சலில் துவண்ட குழந்தைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இந்த நகருக்கு வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியோ சிறியதோ, மெனிஞ்சைடிஸ் எனப்படும் மூளை உறைக் காய்ச்சல் என்ற சந்தேகம் எழுந்ததும் டாக்டர் முதலில் கேட்பது ஒரு கையெழுத்து. முதுகிலிருந்து நீர் எடுக்கச் சம்மதம்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காது" என்கிறார் பாட்டி. பெரியப்பா வரட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்கிறார் அப்பா. பெரியப்பா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். பாக்டீரியாவோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பாக்டீரியாவால் இந்நோய் கண்டவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவர் கடுமையான பாதிப்புகளுடன் பிழைக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பாட்டியின் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. தாமதமாக வந்து, ஊசி போடப்பட்டு, பிறகு கை கால் முடங்கிப்போன ஏதோ ஒரு குழந்தையை ஊரில் யாராவது பார்த்திருப்பார்கள். முடக்கியது நோய், பழி ஊசிக்கு. உண்மையில் தண்டுவடம் முதுகின் கடைசிவரை நீள்வதில்லை. அது முடிந்த இடத்துக்குக் கீழே, இடுப்பெலும்பு மட்டத்தில்தான் ஊசி இறங்குகிறது. 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே தொடங்கிவைத்த முறை இது. வலியும் தலைவலியும் இருக்கலாம். மூளையில் அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலோ, ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ டாக்டர்களே அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்போதும் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடுவதில்லை.

அந்தச் சில சொட்டு நீர்தான் சாட்சி. தண்ணீர்போலத் தெளிந்திருக்க வேண்டியது கலங்கியிருந்தால் பாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கிறது. சிறிது நேரம் வைத்திருந்தால் சிலந்தி வலைபோல் படலம் கட்டுமானால் காசநோயாக இருக்கலாம். வைரஸ் வகை பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். பாக்டீரியாவுக்கு நாள் கணக்கில் நரம்பு வழி மருந்து வேண்டும். காசநோய்க்கு மாதக் கணக்கில் மாத்திரை. ஊகத்தில் வைத்தியம் செய்யக்கூடிய நோயல்ல இது. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் இரண்டு வேளை உள்ளே போயிருந்தால் கிருமி சோதனையில் சிக்காமலும் போகலாம். என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காமல், அந்த பாட்டிலையும் எடுத்துச் செல்வது நல்லது.

கழுத்து விறைப்புதான் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். கைக்குழந்தைக்கு அது இல்லாமலே நோய் முற்றலாம். பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் அழுகை கூடுவது, கீச்சென்ற வினோத அழுகை, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு - இவைதான் கவனிக்க வேண்டியவை. பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமல் உடல் சில்லிட்டும் போகலாம். தினமும் உச்சியில் எண்ணெய் வைக்கும் தாய்க்கு உச்சிக்குழி எப்படி இருக்கும் என்று விரல் அறியும். அழாமல் இருக்கும்போதும் அது புடைத்திருந்தால் காத்திருக்கக் கூடாது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் தோன்றினாலும் அப்படியே. கருத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்காலில் பார்க்க வேண்டும்.

'ஜன்னி' என்று இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது நேரத்தைத் தின்னும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல், 108ஐ அழைப்பதே உருப்படியான காரியம்.

காசநோய் வகை வேறு ரகம். அவசரமில்லாமல் வரும். இரண்டு மூன்று வாரம் லேசான காய்ச்சல், வாந்தி, விளையாட்டில் சலிப்பு. பிறகு மாறுகண், மயக்கம். வீட்டில் நாள்பட்டு இருமும் தாத்தாவை யாரும் இத்துடன் இணைத்துப் பார்ப்பதில்லை.

தடுப்பூசிகள் நிலைமையை நிறையவே மாற்றியிருக்கின்றன. பிறந்ததும் போடும் பிசிஜி காசநோய் வகைக்கு எதிராகக் கைகொடுக்கிறது. ஹிப் கிருமியைத் தடுக்கும் ஐந்து-நோய் ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் தொடங்கியது. கர்நாடகம் அடுத்த கட்டத்தில் சேர்ந்தது. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவு வைத்த நியூமோகாக்கல் ஊசி 2021இல் நாடு முழுவதும் இலவசமானது. மெனிங்கோகாக்கல் ஊசி மட்டும் தேசிய அட்டவணையில் இன்னும் இடம்பெறவில்லை.

பிழைத்த குழந்தையோடு வீடு திரும்பும் மகிழ்ச்சியில் பலர் விட்டுவிடுவது காது. டிஸ்சார்ஜுக்கு முன்போ, அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள்ளோ செவித்திறனைச் சோதித்தாக வேண்டும். இந்நோய்க்குப் பின் உட்காதின் நத்தைக்கூடு எலும்பாக இறுகிவிடக்கூடும். இறுகியபின் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவது கடினம். பேச்சு வரவில்லையே என்று இரண்டு வயதில் கவலைப்படத் தொடங்கும்போது அந்த வாய்ப்பு கைநழுவியிருக்கலாம்.