அறிவுரை சொல்லத் துடிக்கும் நாக்கு

கோச்சிங் பயிற்சியில் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்லக் கூடாது என்பார்கள்.

இது நீட் கோச்சிங்கோ கிரிக்கெட் கோச்சிங்கோ அல்ல. வேலை, தொழில், குடும்பம் என்று ஏதோ ஒன்றில் முடிவெடுக்க முடியாமல் நிற்பவர், தானே யோசித்து வழி கண்டுபிடிக்கத் துணை நிற்கிற வேலை. 'லைஃப் கோச்', 'எக்ஸிக்யூட்டிவ் கோச்' என்று விசிட்டிங் கார்டுகளில் பார்த்திருப்பீர்கள். பல வருடம் மேனேஜராகவோ ஆசிரியராகவோ ஹெச்.ஆர். பிரிவிலோ இருந்துவிட்டு இதைக் கற்க வருகிறவர்கள் நிறைய. கேட்டவுடன் பதில் சொல்லியே பேர் வாங்கியவர்கள்.

பயிற்சி வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்கார வைப்பது வழக்கம். ஒருவர் பிரச்சினையைச் சொல்வார், ஒருவர் கோச், மூன்றாமவர் குறிப்பெடுப்பார். "புரமோஷன் வந்திருக்கு. ஆனா பெங்களூர் போகணும். அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல" என்கிறார் முதலாமவர். கோச்சாகப் பயில்பவர் உடனே, "அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமே, அதை யோசிச்சீங்களா?" என்பார். கடைசியில் கேள்விக்குறி இருக்கிறது என்பதற்காக இது கேள்வியாகிவிடாது. பெற்ற அம்மாவைப் பற்றி இந்த யோசனைகூடவா அவருக்குத் தோன்றியிருக்காது?

குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு வேலை செய்த உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவருடன் சேர்ந்து எழுதிய ஸ்டீபன் ரோல்னிக்கும் இந்தத் துடிப்பை நன்றாகக் கவனித்தார்கள். யாராவது கஷ்டம் என்று சொன்னால் சரிசெய்யக் கை பரபரக்கும். ஆனால் உதவுபவர் ஒரு பக்கம் வாதாட ஆரம்பித்ததும், எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் மறுபக்கம் போய் நின்றுகொள்கிறார். "அம்மாவுக்கு அங்க செட் ஆகாதுங்க" என்று பதில் வரும். பேச்சு முடிந்தது.

இந்த அவசரத்தை மேதாவித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் பயம்தான் காரணம். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று நினைத்துவிடுவாரோ? 1978இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் கண்டதைக் கட்டுரையாக எழுதினார்கள். அத்தனை சாதித்த பிறகும், 'நான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்ற நினைப்பு அவர்களை விடவில்லை. 'இம்போஸ்டர்' என்று இன்று அலுவலகங்களில் சர்வசாதாரணமாகப் பேசப்படுவது அங்கிருந்து வந்ததுதான். கோச்சிங் பயில்கிறவருக்கு இந்த நினைப்பு கூடுதலாகவே உறுத்தும். இருபது வருடமாகத் தன்னைத் தாங்கிய பதில்களை ஓரமாக வைத்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் கற்றுக்குட்டியாக உட்கார வேண்டியிருக்கிறதே. சிலர் இதற்கு மருந்தாக இன்னொரு கோர்ஸில் சேர்ந்துவிடுகிறார்கள். சுவரில் சான்றிதழ் கூடும். சந்தேகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வேறு வழியைக் காட்டியவர் ஒரு டென்னிஸ் பயிற்சியாளர். ஹார்வர்டு டென்னிஸ் அணியின் கேப்டனாக இருந்த திமோதி கால்வே, 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். தான் எவ்வளவு குறைவாகச் சொல்கிறாரோ அவ்வளவு வேகமாக ஆட்டம் திருந்துவதைப் பார்த்தார். ஆடுகிறவரின் தலைக்குள் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து 'முழங்காலை மடக்கு, மட்டையைப் பின்னால் கொண்டுபோ, சே, மறுபடியும் தப்பு' என்று திட்டிக்கொண்டிருக்கிறார். பயிற்சியாளரும் சேர்ந்து கத்தினால் என்ன ஆகும்? கால்வே அந்தக் குரலோடு மல்லுக்கட்டவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தார். பந்து தரையில் படும்போது 'பவுன்ஸ்', மட்டையில் படும்போது 'ஹிட்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கவனம் பந்துக்குப் போனதும் திட்டுகிற குரல் அடங்கியது. 1974இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

கார் பந்தயத்தில் 1965ஆம் ஆண்டின் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியனான ஜான் விட்மோர்தான் இந்த முறையை பிரிட்டனுக்குக் கொண்டுபோய் அலுவலகங்களுக்குள் நுழைத்தவர். இன்று நடக்கும் கோச்சிங் வகுப்புகள் பலவற்றுக்கும் வேர் அந்த டென்னிஸ் மைதானம்.

பயில்கிறவரின் தலைக்குள்ளும் ஒரு குரல் உண்டு. 'அடுத்து என்ன கேட்பது?' எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்க, இவர் அடுத்த கேள்வியைத் தயார் செய்துகொண்டிருப்பார். காதில் எப்படி விழும்? இங்கே 'பவுன்ஸ், ஹிட்'டுக்குச் சமமானது, அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே பிடித்துக்கொள்வது. "மனசு வரலன்னு சொன்னீங்க..." என்று நிறுத்திவிட்டால் போதும். அம்மாவைப் பற்றிய கவலையா, புது வேலையைப் பற்றிய பயமா என்பதை அவரே பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பார்.

நிறுத்துவதுதான் கஷ்டம். வகுப்பறைகளை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றினால், இன்று வீட்டில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று வரை எண்ணிப் பாருங்கள்.

தன் பழக்கம் தனக்கே தெரிவதில்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை மைதானத்தில் நேரில் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். எத்தனை முறை பாராட்டினோம், எத்தனை முறை தட்டிக்கொடுத்தோம் என்று பயிற்சியாளர்கள் சொன்னதற்கும் குறிப்புகளுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. சிறுவர்கள் சொன்னதுதான் ஓரளவு ஒத்துப்போனது. பயிற்சியாளர்களில் சிலருக்குச் சில மணி நேர வகுப்பும், ஆட்டம் முடிந்ததும் தன் நடத்தையைத் தானே குறித்துவைக்கும் படிவமும் கொடுத்தார்கள். அவர்களுடைய குழு 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த வருடம் விளையாட வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் அது 5 சதவீதம்தான்.

கோச்சிங்கில் இந்த வேலையை ஒலிப்பதிவு செய்கிறது. எதிரில் இருப்பவரின் அனுமதியோடு பேச்சைப் பதிவு செய்து, வரிவரியாக எழுதிப் படிக்கச் சொல்வார்கள். தான் குறுக்கிட்ட இடம், 'நான் உங்க இடத்துல இருந்தா...' என்று ஆரம்பித்த இடம் எல்லாம் எழுத்தில் பல்லை இளிக்கும்.

பழக்கம் மாற 21 நாள் போதும் என்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக வரப் பாதிப்பேருக்கு 66 நாளுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடிமுழுகிவிடாது என்பதும் அதே ஆய்வில் உண்டு. பழைய பழக்கத்தை விடுவது பற்றிய ஆய்வு அல்ல இது. ஆனாலும் வார இறுதி வகுப்பு ஒன்றில் நாக்கு அடங்கிவிடும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது போதும்.

இந்தியாவில் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டலாம். அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தன் முதல்நிலைச் சான்றிதழுக்கே 60 மணி நேர வகுப்பு, 100 மணி நேர நேரடி அனுபவம், மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரவிய 10 மணி நேர மென்ட்டர் வழிகாட்டல் கேட்கிறது. இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம். எனவே பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "நான் பேசுவதை உட்கார்ந்து கேட்டுத் திருத்த ஆள் உண்டா, எத்தனை மணி நேரம்?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.