நீதிபதிக்கும் வாக்குக் கேட்கும் விஸ்கொன்சின்

ஐக்கிய அமெரிக்காவின் வடபால், கிழக்கே மிச்சிகன் வாவியும் மேற்கே மிசிசிப்பி ஆறும் எல்லைகளாக அமைய விளங்கும் மாநிலம் விஸ்கொன்சின். பாற்பண்ணைகளுக்கும் பாற்கட்டிக்கும் பெயர்பெற்ற பூமி அது. 1848ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கியத்தில் முப்பதாவது மாநிலமாகச் சேர்ந்தது. இன்று ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் அங்கே வாழ்கின்றனர். உலக அரசியலிலே பெருமளவு பேசப்படாத இச்சிறு மாநிலம், அண்மைக் காலத்தில் ஒரு நீதிபதியின் தேர்தலுக்காகப் பத்துக் கோடி டொலர் வரையிற் செலவிடப்பட்டதன் காரணமாக உலகப் பத்திரிகைகள் யாவற்றிலும் இடம்பெற்றது. நீதிபதிக்குத் தேர்தலா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அந்த வியப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

விஸ்கொன்சின் வாக்காளர் மூவகையான தேர்தல்களுக்கு உரியவர். முதலாவது, நாடு முழுவதையும் ஆளும் சமஷ்டி அரசுக்கான தேர்தல். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனாதிபதியையும், ஆறாண்டுப் பதவிக்காலம் கொண்ட இரு செனற்றர்களையும், ஈராண்டுக்கு ஒருமுறை பிரதிநிதிகள் சபைக்கு எட்டு உறுப்பினர்களையும் இம்மாநிலம் தெரிவு செய்கின்றது. இரண்டாவது, மாநில அரசுக்கான தேர்தல். ஆளுநர், சட்டமா அதிபர், 33 பேர் கொண்ட மாநிலச் செனற் சபை, 99 பேர் கொண்ட கீழ்ச்சபை ஆகிய யாவும் இதில் அடங்கும். இவ்விரண்டும் இரட்டைப்பட எண்ணுடைய ஆண்டுகளில், நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஒரே வாக்குச் சீட்டில் நிகழ்வன. அபேட்சகரின் பெயருடன் அவருடைய கட்சியின் பெயரும் அச்சீட்டில் இருக்கும்.

மூன்றாவதே நீதித்துறைத் தேர்தல். இது நவம்பரில் நடைபெறுவதில்லை. ஏப்ரில் மாதத்தின் முதற் செவ்வாய்க்கிழமையில் நடைபெறுகின்றது. வட்டார நீதிமன்றத்து நீதிபதிகளும் மேன்முறையீட்டு நீதிபதிகளும் ஆறாண்டுக்கும், மாநில உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் பத்தாண்டுக்கும் மக்களால் தெரிவு செய்யப்படுகின்றனர். ஓராண்டில் ஒரு நீதியரசருக்கு மேல் தெரிவு செய்தல் ஆகாது என்பது விதி. சீட்டிலே கட்சிப் பெயர் இல்லை. பாடசாலைகளை மேற்பார்க்கும் மாநிலக் கல்வி அத்தியட்சரும் இதே ஏப்ரில் தேர்தலிலேயே, கட்சிப் பெயரின்றித் தெரிவாகின்றார். 2018இல் ஆளுநராகத் தெரிவான ரோனி எவர்ஸ் என்பவர் அதற்கு முன்னர் இப்பதவியில் இருந்தவர். ஆதியில் ஓர் ஆசிரியர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்!

இந்த ஏப்ரில் ஏற்பாடு தற்செயலானதன்று. பொதுத்தேர்தல் நாளிலோ, அதற்கு முன்னும் பின்னும் முப்பது நாள்களுக்குள்ளோ நீதிபதித் தேர்தல் நடைபெறலாகாது என்று அம்மாநில அரசியலமைப்பை வகுத்தோர் எழுதி வைத்தனர். அமெரிக்க சமஷ்டி நீதிபதிகள் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டுச் செனற் சபையின் அங்கீகாரத்துடன் ஆயுட்காலம் பதவி வகிப்பவர்கள். அவ்வாறு மேலிடத்திலிருந்து நீதிபதிகளை இறக்குவது விஸ்கொன்சின் முன்னோர்க்கு உவப்பாக இருக்கவில்லை. ஆளுநரின் தயவில் நீதிபதி வாழவும் கூடாது. கட்சிகளின் கூச்சலிலே அவர் அகப்படவும் கூடாது. ஆகவே தேர்தல் வேண்டும், ஆனால் ஆரவாரம் ஓய்ந்த வேறொரு பருவத்தில் வேண்டும் என்று அவர்கள் கருதினர் போலும். அக்கருத்து எத்துணை நாள் நிலைத்தது என்பதைச் சரித்திரமே கூறுகின்றது, நெடுநாள் நிலைக்கவில்லை.

1854ஆம் ஆண்டு மார்ச் மாதம். மிசூரி மாநிலத்தில் அடிமையாயிருந்து தப்பி வந்து, விஸ்கொன்சினின் றேசின் நகருக்கு அண்மையில் உழைத்து வாழ்ந்த யோசுவா குளோவர் என்னும் கறுப்பினத்தவரை, அவருடைய பழைய எசமானும் அதிகாரிகளும் பிடித்து மில்வோக்கி நகரச் சிறையில் அடைத்தனர். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்பது 1850இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம். செய்தி பரவியதும் மக்கள் திரண்டனர். சிறைக் கதவு உடைக்கப்பட்டது. குளோவர் கனடாவுக்குத் தப்பிச் சென்று, அங்கே சுதந்திர மனிதராக வாழ்ந்தார். மக்களைத் திரட்டிய பத்திரிகாசிரியர் சேர்மன் பூத் கைதானார். அவருடைய வழக்கு, அக்காலத்தில் மூவரே அமர்ந்திருந்த மாநில உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த அடிமைச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று இருவர் துணிந்து தீர்ப்பளித்தனர். பூத்தை விடுவிப்பதற்கு உடன்பட்ட போதிலும், சட்டம் செல்லாது என்னும் கூற்றினை மூன்றாமவரான சாமுவேல் குரோபோட் ஏற்கவில்லை. மறு ஆண்டு, 1855 ஏப்ரிலில், அவருடைய பதவிக்குத் தேர்தல் வந்தது. மக்கள் அவரைத் தோற்கடித்து ஒர்சாமஸ் கோல் என்பவரைத் தெரிவு செய்தனர்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை சிந்தித்துப் பார்த்ததுண்டு. அடிமை முறையை வெறுத்த மக்களின் பக்கமே அறம் நின்றது, அதில் ஐயமில்லை. ஆயினும், தாம் கண்ட சட்டத்தைக் கண்டவாறே உரைத்த ஒரு நீதிபதி, அவ்வாறு உரைத்தமைக்காகப் பதவியிழந்தார். நல்ல நோக்கத்துக்காக இன்று ஒருவரை இறக்கிய வாக்குச் சீட்டு, தீய நோக்கத்துக்காக நாளை வேறொருவரை இறக்காது என்பதற்கு உறுதி யாது?

கதை அத்துடன் முடியவில்லை. 1859 மார்ச்சில், வாஷிங்டனிலுள்ள அமெரிக்க உயர் நீதிமன்றம் விஸ்கொன்சினின் தீர்ப்பை ஏகமனதாகத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதத்திலேயே விஸ்கொன்சின் மக்கள், பூத்துக்காக வழக்காடிய வழக்கறிஞர் பைரன் பேயின் என்பவரையே தம் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினர். வாஷிங்டனின் கட்டளையை ஏற்றுப் பதிவு செய்வதா என்ற கேள்வி அந்நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பேயின் தாம் முன்னர் அவ்வழக்கில் வாதாடியவர் என்னும் காரணத்தால் ஒதுங்கி நின்றார். எஞ்சிய இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தனர். கட்டளை பதிவாகவேயில்லை! எந்த வழக்கின் பொருட்டு மக்கள் அவரைத் தெரிவு செய்தார்களோ, அந்த வழக்கிலே அமர மறுத்தவர் பேயின். தேர்தலால் வந்த நீதிபதியும் தேர்தலுக்கு அடிமையாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பின்னர் நெடுங்காலம் ஏப்ரில் தேர்தல்கள் அமைதியாகவே கழிந்தன. பதவியிலிருக்கும் நீதியரசர் தோற்பது மிக அரிது. 1967க்குப் பின்னர் 2008 வரை ஒருவரேனும் தோற்கவில்லை. 2008இல் தோற்றவர் லூயிஸ் பட்லர். அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதலாவது கறுப்பினத்தவர். கொடிய தாக்குதல் விளம்பரங்கள் நிறைந்த தேர்தல் அது. கட்சிப் பெயர் சீட்டில் இல்லாவிடினும், இன்னார் குடியரசுக் கட்சியின் ஆள், இன்னார் ஜனநாயகக் கட்சியின் ஆள் என்பது ஊரறிந்த இரகசியமாயிற்று.

நவம்பர்த் தேர்தல்களில் இம்மாநிலம் தராசு முள்ளைப் போல நடுவே நின்று ஆடுவது. 2000ஆம் ஆண்டில் 5,708 வாக்குகளே ஜனாதிபதித் தேர்தலின் முடிவைத் தீர்மானித்தன. 2016இல் டொனால்ட் டிரம்ப் சுமார் 23,000 வாக்குகளாலும், 2020இல் ஜோ பைடன் சுமார் 21,000 வாக்குகளாலும் இம்மாநிலத்தை வென்றனர். 2024 நவம்பரிலோ முப்பத்துநான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தும், டிரம்ப் முப்பதினாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்திலேயே வென்றார். அதே நாளில், அதே சீட்டில், எதிர்க்கட்சிச் செனற்றரான தமி போல்ட்வினும் ஏறக்குறைய அதேயளவு வித்தியாசத்தில் வென்றார். ஒரே கையால் இரு கட்சிகளுக்கும் வாக்களித்தவர்கள் பல்லாயிரவர் என்பது இதனாற் பெறப்படும்.

இப்படிச் சமநிலையில் நிற்கும் மாநிலத்தில் நீதிமன்றத்தின் பலம் பெருகுதல் இயல்பு. எல்லை நிர்ணயம் என்றால் என்ன, அதனால் ஒரு கட்சி எத்துணை இலாபமடையலாம் என்பது நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டாத விடயம். 2018இல் மாநிலக் கீழ்ச்சபைக்கான வாக்குகளில் பாதிக்கும் குறைவாகவே பெற்ற குடியரசுக் கட்சி, 99 ஆசனங்களில் 63 ஐப் பெற்றது. 2011இல் அக்கட்சி வரைந்த தொகுதி எல்லைகள் அதற்கு ஒரு முக்கிய காரணம். சட்டசபையிலே மாற்ற முடியாததை நீதிமன்றத்திலே மாற்றலாம் என்று ஜனநாயகக் கட்சியினர் கண்டனர். 2023 ஏப்ரிலில் அவர்கள் ஆதரித்த ஜனட் புரொட்டசேவிச், டானியல் கெலி என்பவரை எதிர்த்து நின்றார். அதுவரை அமெரிக்காவில் எந்த நீதிபதித் தேர்தலும் காணாதவாறு ஐந்து கோடி டொலருக்கு மேல் செலவாயிற்று. அம்மையார் பதினொரு வீத வித்தியாசத்தில் வென்றார். அவருக்கு ஜனநாயகக் கட்சி வழங்கிய பணம் மட்டும் ஒரு கோடி டொலரை நெருங்கியது. தொகுதி எல்லைகள் நியாயமற்றவை என்று தேர்தல் மேடையிலேயே அவர் சொல்லியிருந்தார். வழக்கு வந்தபோது, அவர் ஒதுங்க வேண்டும் என்று குடியரசுக் கட்சியினர் கோரினர். பதவி நீக்கம் செய்வோம் என்றும் அச்சுறுத்தினர். அவர் ஒதுங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அவ்வெல்லைகள் செல்லாவென்று தீர்ப்பாயிற்று. புதிய எல்லைகளின்படி நடந்த 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 54 ஆசனங்களும் ஜனநாயகக் கட்சி 45 ஆசனங்களும் பெற்றன.

பழைய எல்லைகளிலும் புதியவை நியாயமானவை என்றே எனக்குப் படுகின்றது. ஆனாலும் பேயின் ஒதுங்கி நின்ற அதே நீதிமன்றத்தில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது மனம் முழுநிறைவு கொள்ளவில்லை. தேர்தற் பணம் பெற்றார் என்னும் காரணம் ஒன்றனாலேயே ஒரு நீதிபதி வழக்கிலிருந்து ஒதுங்க வேண்டியதில்லை என்ற விதியை 2010இல் அந்நீதிமன்றமே வகுத்துக் கொண்டது. அவ்விதியை அன்று வகுத்தவர்கள் மறுபக்கத்தைச் சார்ந்தவர்கள். தாம் வெட்டிய வாய்க்காலில் எதிரியின் வயலுக்கும் நீர் பாய்ந்தது.

2025 ஏப்ரில் முதலாந் திகதி நடந்த தேர்தலே மிகவும் விசித்திரமானது. சூசன் குரோபோட், பிராட் சிமெல் ஆகிய இருவர் போட்டியிட்டனர். 1855இல் தோற்றவரின் குடும்பப் பெயரை 2025இல் ஓர் அம்மையார் தாங்கி நின்றது வெறும் பெயரொற்றுமைதான். சிமெலுக்கு ஆதரவாக உலகப் பெருஞ் செல்வர் ஈலோன் மஸ்க்கும் அவரைச் சார்ந்த குழுக்களும் இரண்டு கோடி டொலருக்கு மேல் செலவிட்டனர். தேர்தலுக்கு இரு நாள் முன்னர் கிறீன் பே நகரில் மஸ்க், பாற்கட்டி வடிவிலான தொப்பியை அணிந்து மேடையேறி, இரண்டு வாக்காளர்களுக்குப் பத்து இலட்சம் டொலர் வீதம் காசோலை வழங்கினார். அவருடைய மோட்டார் நிறுவனம் தன் வாகனங்களைத் தானே அம்மாநிலத்தில் விற்பதற்கு அனுமதி வேண்டி வழக்குத் தொடுத்திருந்த காலம் அது. மறுபக்கத்திலும் கோடீசுவரர்கள் இல்லாமலில்லை; ஜோர்ஜ் சொரொஸ் முதலியோரின் பணம் ஜனநாயகக் கட்சி வழியாக வந்தது. மொத்தச் செலவு பத்துக் கோடி டொலர் வரையிற் சென்றது. குரோபோட் பத்து வீத வித்தியாசத்தில் வென்றார். வாக்களித்தோர் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேல். ஆறாண்டுகளுக்கு முன்னர், 2019இல், பன்னிரண்டு இலட்சம் பேரளவிலேயே வாக்களித்திருந்தனர். ஆரவாரம் ஓய்ந்த பருவம் என்று முன்னோர் எண்ணிய ஏப்ரில் இன்று நவம்பரோடு போட்டியிடுகின்றது.

நியமனம் பெற்ற நீதிபதிகளையே கண்டு பழகிய நமக்கு, நீதியாசனத்தை நாடும் ஒருவர் தொலைக்காட்சியிலே தம் எதிரியை ஏசி வாக்குக் கேட்பது அருவருப்பைத் தரலாம். ஆனால் நியமனம் என்பது அரசியலற்ற தூய முறை என்று யார் துணிந்து கூறுவர்? நியமிப்போரின் முகம் பார்க்கும் நீதிபதிகளையும் உலகம் கண்டிருக்கின்றது. என் சிந்தைக்குப் பட்டவரை, கேடு தேர்தலில் இல்லை, மறுதேர்தலிலேயே உளது. பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் தெரிவு செய்து, மறுமுறை நிற்கலாகாது என்று விதித்தால், வருவோர் யாரையும் நோக்கி நடுங்க வேண்டியதில்லை. பணம் தந்தோரின் வழக்கில் ஒதுங்க வேண்டும் என்று கண்டிப்பான விதியும் வேண்டும்.

இவ்விதிகளெல்லாம் இல்லாமலும் நேர்மை பிழைத்த நாள் ஒன்று உண்டு. 2019இல் குடியரசுக் கட்சியினரின் பேராதரவுடன் 5,981 வாக்குகள் மட்டுமே மிகுதியாகப் பெற்று நீதியரசரானவர் பிறையன் ஹேகடோன். அக்கட்சியின் ஆளுநருக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். 2020 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலில் மில்வோக்கி, டேன் ஆகிய இரு கவுண்டிகளில் அளிக்கப்பட்ட இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைத் தள்ளிவிடுமாறு டிரம்ப் தரப்பினர் கோரிய வழக்கு அந்நீதிமன்றத்துக்கு வந்தது. மூவர் ஒருபுறம், மூவர் மறுபுறம். ஏழாமவரான ஹேகடோன், தம்மைத் தெரிவு செய்வித்தோரை விட்டு மறுபுறம் சேர்ந்து, வழக்கைத் தள்ளுபடி செய்யும் தீர்ப்பைத் தாமே எழுதினார். தம்மை ஆதரித்தவர்களிடமிருந்து அவர் கேட்ட வசைகள் பல. அவருடைய பத்தாண்டுப் பதவிக்காலம் 2029இல் முடிவடைகின்றது.